காகம் பிண்டம் எடுக்காததற்குக் காரணம் சொல்லாதீர்கள்

கணவரின் பதினாறாம் நாள் காரியத்தில் வைத்த பிண்டத்தைக் காகம் எடுக்கவில்லை என்பதற்காக, ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி மூன்று மாதங்கள் சரிவர உண்ணாமலும் உறங்காமலும் இருந்து, கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்து, என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். ஆற்றங்கரையில் எல்லோரும் காகத்துக்காகக் காத்து நின்றபோது உறவினர் ஒருவர், "மனசுல ஏதோ குறையோடதான் போயிருக்காரு" என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறார். கணவர் மாரடைப்பில் இறப்பதற்கு முந்தைய இரவு, மகள் வீட்டுக்குப் போவது குறித்து இருவருக்கும் சிறு வாக்குவாதம் நடந்திருந்தது. முப்பதாண்டு இல்லற வாழ்வில் அதைப்போல எத்தனையோ வந்து போயிருக்கும். ஆனால் அந்த உறவினரின் சொல்லைக் கேட்டபின், அந்த ஓர் இரவைத் தவிர வேறு எதையும் அவரால் நினைக்க முடியவில்லை. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இவ்வாண்டில் இதே காரணத்தோடு என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காமவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இறந்தவர்களிடமிருந்து அடையாளம் வருகிறது என்ற நம்பிக்கையை எதிர்த்து நான் எழுதவில்லை. தினமும் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டு உண்ணும் வீட்டில் வளர்ந்தவன் நான். வீட்டுக்குள் வந்த வண்ணத்துப்பூச்சியை விரட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதும், பேச்சுக்கு நடுவே கவுளி சொன்னால் இறந்தவரே ஆமோதித்ததாக எடுத்துக்கொள்வதும், பூட்டிய அறையில் அப்பாவின் திருநீற்று வாசனை வந்ததாகச் சொல்வதும் நோயின் அறிகுறிகள் அல்ல. 1971இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் கேட்டு எழுதிய ஆய்வில், ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தோ, பார்த்தோ, குரலைக் கேட்டோ இருந்தார்கள். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஆனாலும் அவர்களில் பலர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அப்பா கூப்பிடுவது கேட்கிறதாம்" என்று பதறி வரும் பிள்ளைகளில் பலரை மருந்துச் சீட்டு எதுவும் எழுதாமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பயிற்சி மருத்துவர்களிடமும் இதையே சொல்வேன்: 'குரல் கேட்கிறது' என்று குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன், அது யாருடைய குரல், எப்போது கேட்கிறது, கேட்டபின் அவர் அழுகிறாரா, ஆறுதல் அடைகிறாரா என்று முதலில் கேளுங்கள்.

காகத்துக்கு வருவோம். காகம் புதிய பொருளையும் புதிய இடத்தையும் கண்டு அஞ்சும் பறவை. தினமும் ஒரே நேரத்தில் ஒரே மதில்மேல் சோறு வைக்கும் வீட்டுக்கு அது குறித்த வேளையில் வந்து கத்தும். முன்பின் பார்த்திராத படித்துறையில், இருபது பேர் சூழ்ந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இலையில் வைத்த உருண்டையைத் தேடி அது உடனே இறங்காது. இறங்காததுதான் அதன் இயல்பு. அமாவாசை நாளில் ராமேசுவரத்திலோ ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலோ எத்தனை குடும்பங்கள் பிண்டம் வைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் முறை வருவதற்குள் அங்குள்ள காகங்களுக்கு வயிறு நிறைந்திருக்கும். உச்சி வெயிலில் அவை நிழல் தேடிப் போயிருக்கலாம். பக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கலாம். மரத்தின்மேல் ஒரு பருந்து உட்கார்ந்திருக்கலாம். இவற்றில் ஒன்றைக்கூட யோசிக்காமல், இறந்தவர் வீட்டாரில் யாரோ ஒருவர்மீது கோபமாக இருக்கிறார் என்ற முடிவுக்கு ஒரே நிமிடத்தில் வந்துவிடுகிறோம். காகம் எடுக்காவிட்டால் பிண்டத்தைப் பசுவுக்குக் கொடுப்பதும் நீரில் கரைப்பதும் வழக்கத்தில் இருப்பவைதாம். சடங்கிலேயே வழி இருக்கும்போது, குற்றவாளியைத் தேடும் வேலையை யார் உங்களிடம் கொடுத்தது?

துக்கத்தில் இருப்பவர் ஏற்கெனவே தம்மைத்தாமே குற்றக்கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறார். அரைமணி நேரம் முன்னதாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால், அன்று அப்படிப் பேசாமல் இருந்திருந்தால் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு, "குறையோடு போயிருக்கிறார்" என்ற சொல் இறந்தவரே தந்த தீர்ப்பாகிவிடுகிறது. ஆறுதல் தரும் அடையாளத்துக்கும் தண்டனை தரும் அடையாளத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் நான் பார்க்கிறேன். அடுத்து கோடாங்கியிடம் குறி கேட்கப் போகிறார்கள். அவரும் குறை இருப்பதாகவே சொல்கிறார். ஒரு பரிகாரம் முடிந்தால் இன்னொன்று வருகிறது. கனவில் அம்மா வந்து "மாத்திரை வேண்டாம்" என்றதாக நம்பிச் சர்க்கரை நோய்க்கான மருந்தை நிறுத்திவிட்டு வந்த மகனையும் பார்த்திருக்கிறேன். கனவில் வந்தவர் எதைச் சொல்லியிருந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

"அவர் என்னைக் கூப்பிடுகிறார்", "நானும் அவரிடமே போய்விடுகிறேன்" என்று யாராவது சொன்னால், அதைத் துக்கத்தில் பேசும் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. இருக்கிறது என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே அழைத்து வாருங்கள். இரவாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இறப்பு நிகழ்ந்து ஆறு மாதங்களுக்குப் பிறகும் துக்கம் சற்றும் தணியாமல், அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு ஆளை முடக்கிப் போட்டிருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 2022 முதல் அதை நீடித்த துக்கக் கோளாறு என்றே வகைப்படுத்துகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. அந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி பேச்சுதான்.

சடங்கு செய்து வைக்கும் பெரியவர்களிடம் என் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. காகம் வரத் தாமதமானால், கூட்டத்தில் யாரும் காரணம் சொல்லத் தொடங்கும் முன்பே, "இது வழக்கமாக நடப்பதுதான், பசுவுக்குக் கொடுத்துவிடலாம்" என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். நான் பல வாரங்கள் பேசியும் மாற்ற முடியாததை, அந்த இடத்தில் உங்கள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வாக்கியம் தடுத்துவிடும்.

அந்தப் பெண்மணி இப்போது உறங்குகிறார், ஓரளவு உண்கிறார். சில மாதங்களில் தலைத்திவசம் வருகிறது. ஆற்றங்கரைக்குப் போகாமல் வீட்டு மொட்டைமாடியில், காலையிலேயே, தினமும் சோறு வைக்கும் இடத்திலேயே படைக்கும்படியும், அந்த உறவினரிடம் முன்கூட்டியே பேசி வைக்கும்படியும் அவருடைய மகனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காகம் வந்தாலும் வராவிட்டாலும் மறுநாள் காலை என்னை வந்து பார்க்க வேண்டும் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.