கொடிவழி

பரம்பரைக்குத் தமிழில் கொடிவழி என்றும் ஒரு பெயர் உண்டு. ஒயின் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத்து அந்தினோரி குடும்பம் 1385-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. 26 தலைமுறை ஆகிவிட்டது. நிலமும் பெயரும் கைமாறுவது சரி, செடி எப்படிக் கைமாறுகிறது?

திராட்சை விதையைப் போட்டால் முளைக்கத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு விதையிலும் மரபணுக்கள் புதிதாகக் கலைந்திருக்கும். தாய்க்கொடியின் பழம் வராது. அதனால் குளிர்காலத்தில் இலை உதிர்ந்து நிற்கும் கொடியைக் கவாத்து செய்யும்போது, பென்சில் தடிமனில் முற்றிய குச்சிகளைக் கணுக்களோடு நறுக்கி வைக்கிறார்கள். ஈர மண்ணில் ஊன்றினால் கீழே வேர் விடும், மேல் கணுவில் துளிர்க்கும். பார்க்கப்போனால் அது பிள்ளையே கிடையாது. பழைய செடிதான் இடம் மாறி நிற்கிறது.

பிரான்ஸின் ஓர்லியான் நகரில் அகழ்ந்தெடுத்த, சுமார் 900 வருடப் பழைய விதை ஒன்றின் மரபணுவை ஆராய்ந்தபோது, இன்றைய சவான்யான் பிளாங்க் ரகத்தின் மரபணுவோடு அப்படியே பொருந்தியது. 2019-ல் வெளியான ஆய்வு இது. (விதைக்குத் தகப்பன் கொடி வேறாக இருக்கலாமே என்று தோன்றும். விதையின் ஓடு முழுக்கத் தாயின் திசு.)

அப்புறம் 1860-களில் அமெரிக்காவிலிருந்து ஃபில்லாக்சரா வந்து சேர்ந்தது. அசுவினிக்கு உறவான இந்தக் குட்டிப் பூச்சி வேரை உறிஞ்சியே பிரெஞ்சுத் தோட்டங்களைக் காலி செய்தது. அமெரிக்கக் கொடிகளின் வேர் அதைத் தாங்கும் என்பதால், அந்த வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். இன்றும் பெரும்பாலான தோட்டங்களில் மண்ணுக்கு மேலே பாட்டன் கொடி, கீழே அமெரிக்க வேர்.

செடியின் கதை அது; ஒயினும் அந்தத் தோட்டத்துக்கே சொந்தம் என்று காட்ட, அமெரிக்காவில் ‘எஸ்டேட் பாட்டில்டு’ என்று லேபிளில் போட, பழம் முழுவதும் தயாரிப்பாளர் தன் பொறுப்பில் வைத்திருக்கும் தோட்டத்தில் விளைந்திருக்க வேண்டும். பிழிவதிலிருந்து பாட்டிலில் அடைப்பதுவரை அவரிடமே நடக்க வேண்டும். ஈஸ்ட் எங்கிருந்து வர வேண்டும் என்று அந்த விதி கேட்பதில்லை.

சாற்றை ஒயினாக்கும் வேலையைச் செய்வதோ ஈஸ்ட் என்ற நுண்ணுயிர்தான். லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரையைத் தின்றால் ஒரு சதவீத ஆல்கஹால் வரும், கூடவே கரியமில வாயுவும். கருந்திராட்சையில்கூட நிறம் தோலில்தான். சாறு பெரும்பாலும் வெளுப்பு. பொங்கும் வாயு தோல்களை மேலே தூக்கிக் கெட்டியான மூடிபோல நிறுத்திவிடும். அதை நாளுக்குச் சில முறை கழியால் அமுக்கி நனைத்தால்தான் சிவப்பு இறங்கும், காய்ந்த தோலில் புளிப்பேறாமலும் இருக்கும்.

நொதித்தலை முடித்துவைக்கும் ஈஸ்ட் இனம் பறித்த பழத்தில் அபூர்வம். ஒயின் நொதிக்கும் தொட்டியிலும் குழாயிலும் அந்த அறைச் சுவரிலும் குடியிருக்கும். ‘எங்கள் அறையின் ஈஸ்ட்’ என்று குடும்பங்கள் பெருமைப்படுவது அதனால்தான். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பாக்கெட் ஈஸ்ட்டை ஒரு வருடம் பயன்படுத்தினாலும், அதுவும் அங்கேயே குடியேறி அடுத்த வருடச் சாற்றில் முந்திக்கொள்ளக்கூடும்.