மாதவிலக்கு அல்ல, மாதவிடாய்

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் வளரிளம்பெண்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை: 'மாதவிலக்கு – கூச்சம் தவிர்ப்போம், வெளிப்படையாகப் பேசுவோம்'. பேசியவர் அக்கறையோடுதான் பேசினார். ஆனால் பெண்ணை ஒதுக்கி வைப்பது தவறு என்று சொன்ன ஒவ்வொரு முறையும், ஒதுக்கி வைப்பதையே பெயராகக் கொண்ட சொல்லைத்தான் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை.

மாதவிடாய் என்பது மாதம், விடாய் இரண்டும் சேர்ந்தது. விடாய் என்றால் களைப்பு, தாகம். கோயிலில் திருவிழா முடிந்ததும் சாமிக்கு விடாயாற்றி நடக்கும் அல்லவா, பேச்சில் விடையாற்றி என்போமே, அதே விடாய்தான். வீதியுலா வந்த சாமியின் அலுப்பைச் சொல்லும் சொல், மாதாமாதம் பெண்ணுடம்புக்கு வரும் அயர்ச்சியையும் சொல்கிறது. இதைவிடப் பழைய சொல் பூப்பு. தொல்காப்பியத்தில் மாதந்தோறும் வருவதற்கே அந்தப் பெயர். இன்று முதல் முறைக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது.

இனி விலக்கு. மதுவிலக்கு என்றால் மதுவை விலக்குவது. மாதவிலக்கு என்றால் மாதத்தையா விலக்குகிறோம்? விலக்கப்படுவது பெண். 'உடம்பு வேண்டாததை விலக்குகிறது, அதனால் விலக்கு' என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அப்படியானால் வியர்வைக்கும் சிறுநீருக்கும் ஏன் அந்தப் பெயர் வரவில்லை? கூடவே புழங்கும் சொற்களைப் பாருங்கள்: வீட்டுவிலக்கு, வீட்டுக்குத் தூரம், ஒதுங்கியிருக்கிறாள். எல்லாமே அவள் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்பவை. அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. பழக்கம் பழையதுதான், மறுக்கவில்லை. புறநானூற்றிலேயே முருகன் கோட்டத்தில் கலம் தொடாமல் விலகி நிற்கும் மகளிர் உவமையாக வருகிறார்கள். பழையது என்பதற்காகப் பெயரையும் சுமக்க வேண்டுமா?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், தஞ்சாவூர் மாவட்டத்தில் வயதுக்கு வந்ததால் தனிக் குடிசையில் இருத்தப்பட்ட சிறுமி ஒருத்தி, தென்னை மரம் சாய்ந்து செத்துப்போனாள். விலக்கு என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடுகிறவர்கள் அந்தக் குடிசையையும் நினைத்துக்கொள்ளட்டும்.

தீட்டு என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தீண்டு என்பதில் பிறந்தது, தீண்டாமைக்கும் அதுவே வேர். அதே 2018இல் சபரிமலை வழக்கின் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் மாதவிடாயைக் காரணம் காட்டி விலக்குவதும் தீண்டாமைதான் என்று எழுதினார். அந்த உறவு தமிழ்ச் சொல்லிலேயே இருக்கிறது.

தனித்தமிழ் அன்பர்கள் மாதம் வடசொல், திங்கள்விடாய் என்று சொல்லுங்கள் என்பார்கள். வேண்டாம். வாயைத் திறக்கவே தயங்கும் பெண்பிள்ளையிடம் புதுச்சொல்லைக் கொடுத்தால் அவள் மறுபடி 'அந்த மூணு நாள்' என்பதற்கே போய்விடுவாள். அவள் பீரியட்ஸ் என்று சொன்னாலும் எனக்குச் சம்மதமே, அதில் யாரையும் விலக்கும் பொருள் இல்லை.

என் கோபமெல்லாம் மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான். ஒரே துண்டறிக்கையில் மேலே மாதவிடாய், கீழே மாதவிலக்கு. இரண்டும் ஒன்றுதானே என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். 'மாதவிலக்கு வலி' என்று எழுதும்போது வலி எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா? கருப்பை சுருங்குவதால் வரும் வலி அது.

மறைத்துப் பேசுவதில் கணக்கும் தப்பும். கர்ப்பமானவளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்பது நம் வழக்கம். தலைக்கு ஊற்றிக்கொள்ளும் நாளை வைத்தே பேசிப் பழகியவர்கள் நாம். பேறுகால நாளைக் கணிக்க மருத்துவமனையில் கேட்பதோ உதிரம் தொடங்கிய முதல் நாளை. அதிலிருந்துதான் 280 நாள் எண்ணுகிறார்கள். 'கடைசியாக எப்பம்மா குளிச்சே?' என்று கேட்டால், அவள் முழுகின தேதியைச் சொல்வாள். மூன்று நாள் அங்கேயே தள்ளிப்போகும். 'மாதவிடாய் எந்தத் தேதியில் தொடங்கியது?' என்று கேட்டால் சரியான தேதி வரும்.