பெரியப்பா மணிக்கட்டில் ஒரு பட்டை

எங்கள் பெரியப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 40 வருடம் வெள்ளிக் கொலுசு செய்தவர். சும்மா மடியில் வைத்திருந்தால் வலது கை நடுங்கும், கொலுசை எடுத்தால் நின்றுவிடும். அதனால் வயசுக் கோளாறு என்றே ரொம்ப நாள் விட்டுவிட்டோம். ஓய்வில் வருகிற இந்த நடுக்கம்தான் பார்க்கின்சன் நோயின் முக்கியமான அடையாளம். மூளையில், அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. லெவோடோபா மாத்திரை அந்தக் குறையை ஈடுகட்டும், ஆனால் வருடம் போகப் போக ஒரு மாத்திரை தாங்கும் நேரம் குறைந்துகொண்டே வரும்.

"மாத்திரை எத்தனை மணி வரைக்கும் தாங்குதுங்க?" என்று டாக்டர் கேட்பார். "ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க சார்" என்பார் பெரியம்மா. இதை வைத்து டாக்டர் என்னதான் செய்வார்? ஒரு வாரம் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளச் சொல்லி, கை அசைவைப் பதிவு செய்யும் ஒரு பட்டை கொடுத்தார்.

ஏற்காடு பஸ்ஸில் நின்றுகொண்டே போனவர்களுக்கு அதன் வேலை சுலபமாகப் புரியும். பிரேக் போட்டால் முன்னால் சாய்வோம், 20 கொண்டை ஊசி வளைவிலும் பக்கவாட்டில் தள்ளப்படுவோம், கண்ணை மூடியிருந்தாலும் பஸ் என்ன செய்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். பட்டைக்குள் இருக்கும், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியில் அந்தப் பயணி ஒரு நுண்ணிய சிலிக்கான் துண்டு. கை அசைந்தால் அது பின்தங்கும், பக்கத்துத் தகட்டுக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளி மாறும், அந்த மாற்றம் நொடிக்குப் பல தடவை மின் அளவாகப் பதிவாகும். கை திரும்புவதை அளக்க கைரோஸ்கோப் தனி.

அப்புறம் அந்தப் பதிவைக் கணினி வேக வாரியாகப் பிரிக்கும். நடக்கும்போது கை வீச்சு நொடிக்கு ஏறக்குறைய 1 தடவை. பார்க்கின்சன் நடுக்கம் 4 முதல் 6 தடவை. ஆனால் பல் தேய்த்தாலும் கை கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஆடலாம், அதனால் அந்த நேரத்தில் கை மற்றபடி ஓய்வாக இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். இந்த நோயில் அசைவும் மெதுவாகிப்போகும்; நடுக்கத்தைவிட இந்த மந்தத்தைப் பிடிப்பது கஷ்டம். ஆள் டிவி பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்கிறாரா, அசைய முடியாமல் இருக்கிறாரா? அசைந்த ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வேகம் என்று பல நாள் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

பிரிட்டனில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி ஒரு வாரம் பட்டை கட்டியிருந்தார்கள். அந்தப் பதிவுகளை ஆராய்ந்த கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோய் கண்டறியப்படுவதற்கு 7 வருடம் வரை முன்பே அசைவில் மந்தம் தெரிகிறது என்று 2023இல் சொன்னார்கள். அதற்காக நம் வாட்ச்சைப் பார்த்து நமக்கு நாமே நோய் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பெரியப்பாவின் வரைபடத்தில் காலை 8 மணி மாத்திரை 11 மணிக்கெல்லாம் தேய்ந்து, 1 மணிக்கு அடுத்தது போடும்வரை நடுக்கம் ஏறியபடியே இருந்தது. டாக்டர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். உங்கள் வீட்டில் யாராவது பட்டை கட்டினால், மாத்திரை போட்ட நேரத்தைத் தவறாமல் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் நடுக்கம் எப்போது ஏறியது என்று தெரியும், ஏன் ஏறியது என்று தெரியாது.