வெள்ளைக்குள் ஒரு வெள்ளை

போன மாதம் ஒரு பெண் தன் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டோடு வந்தார். வயது 44. "கட்டி எதுவும் தெரியலைன்னு போட்டிருக்காங்க டாக்டர். ஆனா கைக்கு ஏதோ தட்டுப்படுது" என்றார். ரிப்போர்ட்டில் 'அடர்த்தி: டி' என்று ஒரு வரி இருந்தது. படம் எடுத்த இடத்தில் அதற்கு என்ன பொருள் என்று யாரும் சொல்லவில்லையாம்.

எக்ஸ்ரேயில் மார்பகத்துக் கொழுப்பு கறுப்பாக விழும், பால் சுரப்பித் திசு வெள்ளையாக விழும். கட்டியும் வெள்ளைதான். அடர்த்தியை ஏ முதல் டி வரை நான்காகப் பிரிக்கிறோம். டி என்றால் படம் பெரும்பாலும் வெள்ளை. தேங்காய்த் துருவலில் உப்பைத் தேடுகிற கதை. அங்கே 'தெரியவில்லை' என்று நாங்கள் எழுதினால் 'இல்லை' என்று படித்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து மேமோகிராம் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அடர்த்தியைப் பற்றி எழுத்தில் சொல்லியாக வேண்டும். இங்கே நீங்களாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கேளுங்கள்.

அப்புறம் அவர் போனை நீட்டினார். எக்ஸ்ரே வேண்டாம், மார்பை அழுத்த வேண்டாம், மைக்ரோவேவும் காந்தத் துகளும் போதும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. "இதை எடுத்துக்கலாமா டாக்டர்?"

செய்தி முழுப் பொய் இல்லை. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பால் மீனி, கீத் பால்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 2000-லேயே நுண்ணலை (மைக்ரோவேவ்) படக்கருவியைப் பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். பெண் குப்புறப் படுத்துக்கொள்வார். மார்பகம் ஒரு திரவத் தொட்டிக்குள் தொங்கும், சுற்றி 16 ஆன்டெனாக்கள். ஒன்று மிக மெல்லிய அலையை அனுப்ப, மற்றவை வாங்கும். கட்டியில் நீர் அதிகம் என்பதால் அது கொழுப்பைவிட அலையை வேறு மாதிரி சிதறடிக்கும். அந்தச் சிதறலை வைத்துக் கணினி படம் வரையும்.

2007-இல் விஸ்கான்சின், கால்கரி பல்கலைக்கழகங்கள் அறுவைச் சிகிச்சையில் எடுத்த திசுக்கள் நுண்ணலைக்கு எப்படிப் பதில் தருகின்றன என்று அளந்து பார்த்தபோது விஷயம் சிக்கலானது. கொழுப்புக்கும் புற்றுக்கும் இடையே சுமார் 10 மடங்கு வித்தியாசம் இருந்தது. ஆனால் சுரப்பித் திசுவுக்கும் புற்றுக்கும் இடையே சுமார் 10 சதவீதம்தான். மேமோகிராம் திணறுகிற அதே அடர்ந்த மார்பகத்தில் இதுவும் திணறும்!

காந்தத் துகள் இங்கேதான் வருகிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். இத்தாலியின் நேப்பிள்ஸில் பெல்லிட்சி, புச்சி, கதபானோ மூவரும் 2011-இல் முன்வைத்த வழி இது. நம் உடல் திசுவுக்குக் காந்தத் தன்மை கிட்டத்தட்ட இல்லை. இரும்பு ஆக்ஸைடு நானோ துகள்களுக்கு உண்டு. அவற்றைக் கட்டியில் போய்ச் சேரும்படி செலுத்திவிட்டு, வெளியே ஒரு காந்தப்புலத்தை மாற்றி மாற்றி வைத்து, அதே நுண்ணலையால் அளக்க வேண்டும். கொழுப்பும் சுரப்பியும் காந்தத்தைக் கண்டுகொள்ளாது, துகள் மட்டும் தன் பதிலை மாற்றும். ஒரு அளவிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் மிஞ்சுவது துகள் இருக்கும் இடம். கூட்டத்தில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பெயருக்கு உரியவர் மட்டும் திரும்பிப் பார்ப்பாரே, அப்படி.

சரி, ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை? ரத்தத்தில் செலுத்தும் துகளில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும், கட்டிக்குப் போவது கொஞ்சம்தான். அதிலிருந்து வரும் சமிக்ஞையோ மிக மெலிது. காந்தத்தை மாற்றும்போது கருவியே லேசாக அசைந்தாலும், அது துகளின் பதில் மாதிரியே தெரியும். இரும்பு ஆக்ஸைடு உடலுக்குப் புதிதல்ல, ரத்தசோகைக்கு ஊசியாகவே போடுகிறார்கள். இருந்தாலும் ஊசி ஊசிதானே? ஆரோக்கியமாக இருக்கும் எல்லாருக்கும் போட்டுப் பார்க்கிற பரிசோதனையாக இது வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. சந்தேகம் வந்த இடத்தைத் தெளிவுபடுத்த ஒருநாள் உதவலாம். இதுவரை நடந்தது பெரும்பாலும் கணினி மாதிரிகளிலும் செயற்கை மார்பகங்களிலும்தான்.

இதையெல்லாம் அவரிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, அன்றே அல்ட்ராசவுண்ட் பார்த்தேன். அடர்ந்த மார்பகத்தில் கைக்குத் தட்டுப்படுகிறது என்றால் அடுத்து அதுதான், செலவும் அதிகமில்லை. சுரப்பித் திசு திரையில் வெளுப்பாகவும் கட்டி இருட்டாகவும் தெரியும். அவர் விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தில், ஓரம் ஒழுங்கில்லாத ஒரு சின்ன இருட்டு இருந்தது. மறுநாள் காலை பயாப்ஸிக்கு வரச் சொன்னேன். "அந்த டி-யை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்ல டாக்டர்?" என்று கேட்டுவிட்டு ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தார்.