மேய்க்கால் மண்ணும் குளம்பின் பாரமும்

கார்த்திகை மழை ஓய்ந்த இரண்டாம் நாள் புதுச்சேரியின் பாகூர் ஏரிப் பக்கத்து மேய்ச்சல் தரையில் நடந்தால், மாடுகளின் குளம்படி ஒவ்வொன்றிலும் ஒரு கையளவு நீர் தேங்கி நிற்பதைப் பார்க்கலாம். புல் மூடிய இடங்களில் நீர் மண்ணுக்குள் இறங்கிவிட்டிருக்கும். அடுத்த சாணிலேயே இருக்கும் குளம்படிக் குழியில் மட்டும் அது கலங்கலாக நாள்கணக்கில் கிடக்கும். ஒரே மண், ஒரே மழை என்றிருக்க இந்த வேறுபாடு எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், களி கலந்த இருமண்பாட்டின், அதாவது மணலும் நுண்வண்டலும் களிமண்ணும் சேர்ந்த மண்ணின், குணம் பெரும்பாலும் புரிந்துவிடும்.

இந்த மண்ணை அடையாளம் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. அங்கே ஒரு கைப்பிடி எடுத்து, வேரையும் கல்லையும் நீக்கி, நீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து நாடாபோல மெல்லத் தள்ளிப் பார்த்தேன். மூன்றரை சென்டிமீட்டர் வரை நீண்ட பிறகே அது தன் எடை தாங்காமல் அறுந்து விழுந்தது. மணற்பாங்கான மண்ணில் நாடா சரியாக உருவாவதில்லை. களி மிகுந்த மண் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியும் அறுவதில்லை. இரண்டரைக்கும் ஐந்துக்கும் இடையே அறுந்து, கையில் சொரசொரப்போ வழவழப்போ மேலோங்காமலும் இருந்தால், அதில் களி 27 முதல் 40 விழுக்காடு வரையிலும், மணல் 20 முதல் 45 விழுக்காடு வரையிலும், எஞ்சியது மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட பொடியான நுண்வண்டலாகவும் இருக்கும் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம்.

கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து கடலூர் அருகே கடலில் கலக்கும் பெண்ணையாறு, தன் கரையோரச் சமவெளியில் காலங்காலமாகப் படியவிட்ட பொடிமண்ணே இங்குள்ள இத்தகைய நிலங்களுக்கு மூலம். பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலும் அந்த ஆற்றிலிருந்து பிரிவதுதான். கோரிமேட்டிலும் பண்ருட்டிப் பக்கத்திலும் காணும் செம்மண் இதற்கு நேர்மாறானது. அங்கே மழைநீர் சட்டென்று இறங்கிப் போய்விடுவதால், முந்திரியும் பலாவும் ஆழ வேர்விட்டு வாழ, மேலோட்டமாக வேர்விடும் புல் மழை நின்ற கொஞ்ச நாளிலேயே வெளுத்துவிடுகிறது.

களி நீரைப் பிடித்து வைப்பதற்குக் காரணம் அதன் துகள்களின் சிறுமையும் வடிவமும். ஒரு களித்துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. மணலைப் போல உருண்டையாக இராமல், அடுக்கி வைத்த ஏடுகள் போலத் தட்டையானது. விரிந்து சுருங்கும் வகைக் களியில், ஒரே ஒரு கிராமின் துகள்பரப்பை முழுவதும் விரித்தால் அது 600 சதுர மீட்டருக்கும் மேல் வரும். அந்தப் பரப்பு முழுவதிலும் நீர் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. அதில் ஒரு பங்கை வேரால் உறிஞ்ச முடியாத அளவுக்குக் களி இறுகப் பற்றிக்கொள்கிறது என்றாலும், ஒரு மீட்டர் ஆழ மண்ணில் பயிருக்குப் பயன்படும் நீராகச் சுமார் 150 மில்லிமீட்டர் எஞ்சுகிறது. மணலில் இதில் பாதி இருப்பதே அரிது. புல்லின் வேர் 60 சென்டிமீட்டர் வரை இறங்குவதாகவும், தை மாத வெயிலில் அது நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் நீரைச் செலவிடுவதாகவும் கொண்டால், ஒரு துளி மழையில்லாமலேயே மூன்று வாரத்துக்கு மேல் பச்சை நிற்கும். ஈரம் குறையக் குறையப் புல் தன் செலவையும் சுருக்கிக்கொள்வதால் உண்மையில் இன்னும் சில நாள் கூடுதலாகவே கிடைக்கிறது.

ஆனால் இந்த மண் நீரை மெதுவாகத்தான் உள்வாங்கும்: மணிக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர். நம் வடகிழக்குப் பருவமழையோ ஒரு மணி நேரத்தில் அதைப்போலப் பல மடங்கு கொட்டக்கூடியது. அப்படியிருந்தும் நல்ல புல்தரை ஓரளவு ஈடுகொடுக்கிறதென்றால், அதற்கு வேர்களும் மண்புழுக்களும் மக்கிய பொருள்களும் களித்துகள்களைச் சிறு குருணைகளாக ஒட்டிச் சேர்த்து, இடையிடையே அகன்ற துளைகளை விட்டுவைப்பதுதான் காரணம். அந்தத் துளைகள்தாம் நீருக்கும் காற்றுக்கும் வழி.

அவற்றைக் குளம்பு எப்படிக் குலைக்கிறது என்பதை நெல் பயிரிடும் எவரும் எளிதில் உணர்வார்கள். நடவுக்கு முன் நீர் நிறுத்திச் சேற்றுழவு ஓட்டுவது எதற்காக? மண்ணின் குருணைகளை உடைத்து, களி ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, துளைகளை அடைத்து, வயலில் நீர் நிற்கும்படி செய்வதற்காகத்தான். நடக்கும் மாட்டின் குளம்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் மேலான பாரத்தை இறக்குகிறது. ஊறிய தரையில் அந்தப் பாரம் அதே சேற்றுழவைத் துண்டு துண்டாகச் செய்துவிடுகிறது. நெல் வயலுக்கு வேண்டிய வேலை மேய்ச்சல் தரைக்குக் கேடாகிறது. ஈரம் காய்ந்ததும் அந்தக் குழி ஓடுபோல இறுகிவிடுவதால், புதுவேர் அதைத் துளைக்க முடிவதில்லை. அருகம்புல் பின்வாங்க, கோரை இடம் பிடிக்கிறது. கோடையில் மண் வெடிப்பது ஒரு வகையில் நல்லதே: சுருங்கி விரிவதால் மேலாக இறுகிய பகுதி தானே தளர்கிறது. ஆண்டுக்கு ஆண்டு ஆழத்தில் சேரும் இறுக்கத்தை அந்த வெடிப்பும் முழுதாகத் தீர்ப்பதில்லை.

இந்த மண்ணுக்கு இன்னொரு செல்வமும் உண்டு. களி ஏடுகளின் மேற்பரப்பில் எதிர்மின் ஏற்றம் இருப்பதால், நேர்மின் ஏற்றமுள்ள அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றை அது பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கிறது. அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை போடுவது இத்தகைய நிலங்களில் நல்ல பலன் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்டு மூத்திரத்தின் யூரியா அம்மோனியமாக மாறியதும் களி அதில் கணிசமான பங்கைப் பற்றிக்கொள்கிறது, மணலிலோ பெரும்பகுதி ஆவியாகவோ நீரோடு இறங்கியோ போய்விடும். கொழுக்கட்டைப் புல்லோடு பயறு வகைத் தீவனமான முயல் மசாலும் கலந்து விதைத்தால் காற்றின் நைட்ரஜனும் தீவனத்துக்கு வந்து சேரும், ஆனால் நீர் தேங்கும் பள்ளத்தில் முயல் மசால் நிற்காது என்பதால் மேடான பகுதியே அதற்கு ஏற்றது. இதே மண் கரை கட்டவும் குட்டையின் அடிப்பரப்பைப் பூசவும் உதவும். செங்கல் சூளைக்கும் இது போகிறது; குருணை கட்டிய மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்த மேய்க்கால் புறம்போக்கில் மீண்டும் புல் பிடிக்கப் பல்லாண்டு ஆகும் என்பதால், அந்தப் பயன்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

மழைக்குப் பின் கால்நடைகளை எப்போது இறக்கலாம் என்பதற்கு நாள் கணக்கு சொல்வது கடினம், குதிகால் சொல்லும். செருப்பைக் கழற்றிவிட்டு முழு எடையையும் ஒரு குதிகாலில் ஊன்றி எழ வேண்டும். தடத்தின் ஓரங்களில் நீர் கசிந்தாலோ, குதிகாலைச் சுற்றிச் சேறு பிதுங்கினாலோ மாடுகளைக் கொட்டிலிலேயே கட்டி வைக்கோல் போடலாம். தடம் ஆழமில்லாமல், ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தால் மந்தையை ஓட்டி வரலாம்.