தேயும் ஒலியும் மூன்றடித் தாளமும்: மெல்லிய பியானோ வால்ட்ஸ் நம்மை ஆட்டுவது எப்படி?

பியானோவில் ஒரு கட்டையை அழுத்திய மறுகணமே அதிலிருந்து எழுந்த சுரம் தேயத் தொடங்கிவிடுகிறது. வயலினில் வில் நகரும் வரை சுரத்தை வளர்க்கலாம். நாகசுரத்தில் மூச்சு உள்ள வரை அதை நிறுத்தி வைக்கலாம். பியானோவிலோ சுத்தியல் கம்பியைத் தொட்டுவிட்டுத் தெறித்து விலகியபின், அந்தச் சுரத்தைப் பெருக்குவதற்குக் கலைஞரின் விரலால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு கருவியில், வேறு துணைக் கருவியே இல்லாமல், மெதுவாக வாசிக்கப்படும் ஒரு வால்ட்ஸ் (மூன்றடித் தாளத்தில் அமைந்த ஐரோப்பிய நடன இசை) ஏன் இவ்வளவு இதமாக இருக்கிறது? தேய்வு என்ற இந்தக் குறையையே அசைவாக மாற்றிவிடும் தாள அமைப்பு வால்ட்ஸுக்கு இருப்பதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

வால்ட்ஸின் ஓர் ஆவர்த்தனம் மூன்று அடிகள் கொண்டது. நம் வழக்கில் ‘தகிட’ என்று சொன்னால் அதன் வடிவம் உடனே பிடிபடும். பியானோவில் வாசிக்கும்போது, பெரும்பாலும் இடக்கை ‘த’ என்ற இடத்தில் தாழ்ந்த ஒற்றைச் சுரத்தை ஊன்றுகிறது. பின்பு சற்று மேலே நகர்ந்து ‘கி’, ‘ட’ என்ற இரண்டு இடங்களிலும் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து மெல்லத் தொடுகிறது. முதல் அடி கனமானது; அடுத்த இரண்டும் அந்தக் கனத்திலிருந்து எழும்பி மிதப்பவை. வலக்கை இவற்றுக்கு மேலே பாடிக்கொண்டிருக்கும்.

மூன்று என்பது ஒற்றைப்படை எண். நமக்கோ கால்கள் இரண்டு. நான்கடித் தாளத்தில் நடந்தால் ஒவ்வொரு ஆவர்த்தனமும் ஒரே காலில்தான் தொடங்கும். அணிவகுப்பு நடை அவ்வாறு அமைந்தது. மூன்றடித் தாளத்தில் அடிக்கு ஓர் எட்டு வைத்தால், முதல் ஆவர்த்தனம் இடக்காலில் தொடங்கும், அடுத்தது வலக்காலில் தொடங்கும், மூன்றாவது மீண்டும் இடக்காலுக்குத் திரும்பும். உடலின் எடை ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் பக்கம் மாறுகிறது. இதனால் கேட்பவருக்கு முன்னே நடக்கும் உணர்வைவிட, இடமும் வலமுமாக ஆடும் உணர்வே மேலோங்குகிறது.

இந்த ஆட்டத்தின் வேகத்தை ஓர் எளிய இயற்பியல் கணக்கால் அளந்து பார்க்கலாம். வீட்டுக் கூடத்து ஊஞ்சல் தொங்கும் நீளத்தை இரண்டரை மீட்டர் என்று கொள்வோம். ஊசல் விதியின்படி அது ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 3.2 நொடி ஆகும். அமர்ந்திருப்பது குழந்தையா தாத்தாவா என்பதால் அந்த நேரம் பெரிதாக மாறுவதில்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 1.6 நொடி. அந்த 1.6 நொடிக்குள் ‘தகிட’ என்று ஒருமுறை சொன்னால், வேகம் நிமிடத்துக்குச் சுமார் 113 அடிகள் என்று வரும். மிதமான வேகத்தில் வாசிக்கப்படும் பியானோ வால்ட்ஸுக்கு அது மிகவும் பொருந்தும். வியன்னா நகரின் நடனக் கூடங்களுக்குரிய வால்ட்ஸ் இதைவிட வேகமானது. நிமிடத்துக்கு 180 அடிகள் என்று வைத்துக்கொண்டால், ஆவர்த்தனத்துக்கு ஒரு நொடிதான் கிடைக்கும். அது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள ஊசல் கொண்ட பழைய நெடுங்கடிகாரத்தின் வேகம். நடனத்துக்கான வால்ட்ஸ் நம்மை எழுந்து சுழல வைப்பதற்கும், மெல்லிய வால்ட்ஸ் இருந்த இடத்திலேயே ஆட வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த நீளக் கணக்குக்குள் அடங்கியிருக்கிறது.

உடல் ஆடுவதற்கும் காது கேட்பதற்கும் உள்ள தொடர்பு வெறும் உவமையாக நின்றுவிடுவதில்லை. 2005ஆம் ஆண்டு ஜெசிகா பிலிப்ஸ் சில்வர், லாரல் ட்ரெய்னர் என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவில் ஏழு மாதக் குழந்தைகளிடம் நடத்திய சோதனை, இசை ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. எந்த அடியிலும் அழுத்தம் இல்லாத ஒரு தாளத்தை ஒலிக்கவிட்டு, சில குழந்தைகளை இரண்டு அடிக்கு ஒருமுறையும், மற்றவர்களை மூன்று அடிக்கு ஒருமுறையும் கையில் தூக்கிக் குலுக்கினார்கள். பிறகு அதே தாளத்தை, ஒருமுறை இரண்டிரண்டாகவும் ஒருமுறை மும்மூன்றாகவும் அழுத்தம் கொடுத்துக் கேட்கவைத்தபோது, எந்தக் கணக்கில் தாங்கள் குலுக்கப்பட்டார்களோ அந்தக் கணக்கிலான தாளத்தையே குழந்தைகள் கூடுதல் நேரம் விரும்பிக் கேட்டார்கள். காதில் விழுந்த ஒலி இரு குழுவினருக்கும் ஒன்றுதான். அதை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துக் காட்டியது உடல் பெற்ற அசைவு.

பெரியவர்களின் மூளை இந்த எண்ணிக்கையை அசைவு இல்லாமலேயே உண்டாக்கிக்கொள்ளும். 2011இல் சில்வி நோசராதன் என்ற ஆய்வாளர் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வில், நொடிக்கு 2.4 முறை சீராகத் துடிக்கும் ஓர் ஒலியைக் கேட்டவர்களிடம், அதை மும்மூன்றாக மனத்துக்குள் எண்ணிக்கொள்ளும்படி சொன்னார்கள். அவர்களுடைய மூளையின் மின்பதிவில் 2.4 ஹெர்ட்ஸுடன், ஒலியில் இல்லாத 0.8 ஹெர்ட்ஸ் துடிப்பும் தென்பட்டது, 2.4ஐ மூன்றால் வகுத்தால் கிடைப்பது அதுதான். ஆகவே மெல்லிய வால்ட்ஸை வாசிப்பவர் முதல் அடியை உரக்க அறிவிக்கத் தேவையில்லை. தாழ்ந்த ஒரு சுரத்தால் லேசாகச் சுட்டிவிட்டால் போதும். ஊஞ்சலைத் தள்ளும் வேலையைக் கேட்பவரின் மூளை தொடர்ந்து செய்துகொள்ளும்.

இனி கருவிக்குள் நடப்பதைப் பார்க்கலாம். பியானோவின் சுத்தியல் தலையில் கெட்டியாக அழுத்தப்பட்ட கம்பளி உறை இருக்கிறது. வேகமாக மோதும்போது இந்தக் கம்பளி இறுகிக் கல்போல நடந்துகொள்கிறது. அப்போது கம்பியில் உயர்ந்த மேற்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் அதன் மடங்கு அதிர்வுகள், ஏராளமாகக் கிளம்பி ஒலி பளிச்சிடும். மெதுவாக மோதும்போது அதே கம்பளி மிருதுவாகவே இருந்து, கம்பியைச் சற்றுக் கூடுதல் நேரம் தொட்டுவிட்டு விலகுகிறது. உயர்ந்த மேற்சுரங்கள் மங்கி, ஒலி வட்டமாக, வெதுவெதுப்பாக வருகிறது. மெல்ல வாசித்தால் ஒலியின் அளவு குறைவதோடு அதன் நிறமும் மாறுகிறது. பதிவு செய்த மெல்லிய வாசிப்பை ஒலிபெருக்கியில் எவ்வளவு கூட்டினாலும் அது மெல்லிய வாசிப்பாகவே ஒலிப்பது இதனால்தான்.

தேய்வும் ஒரே சீராக நடப்பதில்லை. பெரும்பாலான கட்டைகளுக்கு ஏறத்தாழ ஒரே சுருதியில் கட்டிய மூன்று கம்பிகள் உண்டு. அவை மூன்றும் ஒத்து அதிரும்போது ஒலிப்பலகையை வலுவாக உந்தித் தங்கள் ஆற்றலை விரைவில் இழந்துவிடுகின்றன. பிறகு, அவற்றுக்கிடையே உள்ள நுண்ணிய சுருதி வேறுபாட்டால் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்ப, எஞ்சிய ஆற்றல் நிதானமாகவே வெளியேறுகிறது. இயற்பியலாளர் கேப்ரியல் வைன்ரைக் 1977இல் இதை விளக்கினார். முதலில் சட்டென்று இறங்கும் ஒலி, அதைத் தொடர்ந்து நெடுநேரம் நிற்கும் மெல்லிய ஒலி என்று இரண்டு கட்டங்களாகச் சுரம் கரைகிறது. வேகமான இசையில் இரண்டாம் கட்டத்துக்கு இடமே கிடைப்பதில்லை. மெதுவான வால்ட்ஸிலோ அதைக் கேட்க நமக்கு நேரம் இருக்கிறது. அடுத்த சுரம் வருவது அந்த மங்கிய ஒலியின் மீதுதான்.

வலப்பக்கத்துப் பெடலை மிதித்தால் கம்பிகளின்மேல் படிந்து அவற்றின் அதிர்வை அடக்கும் டாம்பர்கள் அனைத்தும் ஒருசேர எழும்புகின்றன. வால்ட்ஸ் வாசிப்பவர் பொதுவாக முதல் அடியோடு பெடலை மிதித்து, ஆவர்த்தனம் முடியும் தறுவாயில் விடுவார். இதனால் விரல் விலகிய பிறகும் தாழ்ந்த சுரம் அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதன் மேற்சுரங்களைக் கவனியுங்கள். ஏ பிளாட் என்ற தாழ்ந்த கம்பி ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 104 முறை அதிர்ந்தால், 208, 312, 416, 520 என்ற மடங்குகளும் அதனுள் மறைந்திருக்கும். இவை முறையே ஏ பிளாட், ஈ பிளாட், மீண்டும் ஏ பிளாட், சி ஆகிய சுரங்களுக்கு அருகில் விழுகின்றன. நம் கணக்கில் ஸ, ப, ஸ, அந்தர காந்தாரம். தம்புராவில் யாரும் மீட்டாமலேயே கேட்கும் அந்தர காந்தாரமும் இப்படிப் பிறப்பதுதான். ஏ பிளாட் மேஜர் என்ற சுரக்கூட்டு (ஏ பிளாட், சி, ஈ பிளாட்) வரும்போது, ‘கி’, ‘ட’ என்ற அடிகளில் இடக்கை தொடும் சுரங்கள், ‘த’வில் ஊன்றிய சுரத்துக்குள் ஏற்கெனவே இருந்தவையாக அமைந்துவிடுகின்றன. இந்த இரண்டு தொடுதல்களும் தனித்தனி மோதல்களாக உறுத்தாமல் ஒரே மூச்சின் தொடர்ச்சியாகக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கம்பிகள் கொண்ட பியானோ கைக்கு எட்டினால் இதை நேரில் பார்க்கலாம். நடு சி கட்டையை ஒலி எழாதபடி மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி கட்டையை ஓங்கித் தட்டி உடனே விட்டுவிடுங்கள். கீழ்ச்சுரம் அறுந்துபோனதும், நீங்கள் அடிக்கவே செய்யாத நடு சி மெலிதாகப் பாடிக்கொண்டிருப்பது கேட்கும். நடு சி கட்டைக்குப் பதிலாக அதற்குப் பக்கத்துக் கறுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தட்டினால் ஏறக்குறைய அமைதிதான். முதன்முறை இதைச் செய்தபோது, வேறு யாரோ வாசிக்கிறார்களோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். பெடல் மிதிக்கப்பட்டிருக்கும் நேரம் முழுவதும் இந்த ஒத்ததிர்வு கருவியெங்கும் நடந்துகொண்டிருக்கிறது.

இவை அனைத்தும் ஒன்றுகூடும் படைப்புகளில் ஒன்று, போலந்து இசையமைப்பாளர் ஃபிரெடெரிக் ஷோபான் 1835இல் எழுதிய ஏ பிளாட் மேஜர் வால்ட்ஸ். அவர் 1849இல் இறந்த பின்பே அது ஓபஸ் 69 என்ற படைப்பு வரிசையின் முதல் எண்ணாக அச்சேறியது. டிரெஸ்டன் நகரில் மரியா வொட்ஜின்ஸ்கா என்ற பெண்ணிடம் அதன் கைப்பிரதியை அவர் அளித்தார். ‘பிரியாவிடை’ என்ற பெயர் அதற்குப் பிறர் இட்டது. அதன் பிரதிகளை ஷோபான் வேறு சிலருக்கும் எழுதித் தந்திருக்கிறார். அதன் உருக்கத்தை விளக்குவதற்கு, மரியாவோடு இணைத்துச் சொல்லப்படும் காதல் கதையைவிட அதன் மெட்டே சிறந்த சான்று. வலக்கையின் மெட்டு அரைச்சுரம் அரைச்சுரமாக, அதாவது ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் ஆறு விழுக்காடு போல மட்டுமே குறையும்படி, நழுவி இறங்குகிறது. ஒவ்வொரு சுரமும் தேய்ந்து தாழும் வேளையில் அடுத்தது அதற்கு ஒட்டினாற்போல் கீழே வந்து சேர்வதால், பியானோவால் இயலாத இழைவு இருப்பதாகவே காதுக்குத் தோன்றுகிறது.

காலத்தைக் கையாளும் முறையும் இதற்குத் துணை செய்கிறது. இடக்கைதான் குழுவை நடத்துபவர் என்றும், அது தாளத்தில் நிற்கையில் வலக்கை சற்று முந்தலாம், பிந்தலாம் என்றும் ஷோபான் கற்பித்ததை அவருடைய மாணவர்கள் பதிந்துள்ளனர். நாம் அறியாமல் நிகழும் முந்தல் ஒன்றும் உண்டு. வெர்னர் கேபிள் என்ற ஆய்வாளர் 22 பியானோ கலைஞர்களை ஷோபானின் படைப்புகளை வாசிக்கச் செய்து அளந்தபோது, ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டிய சுரங்களில் மெட்டுக்குரிய சுரம் ஏறத்தாழ 30 மில்லிநொடி முன்பாகவே ஒலிப்பதைக் கண்டார். மெட்டைத் தூக்கிக்காட்ட அந்த விரல் சற்று வேகமாக அழுத்துவதால், அதன் சுத்தியல் கம்பியை முதலில் சென்றடைகிறது.

கடைசி ஆவர்த்தனத்தில் ஊஞ்சலைத் தள்ளும் கை விலகிவிடுகிறது. கலைஞர் இறுதிச் சுரங்களைத் தொட்டபின் பெடலை உடனே விடுவதில்லை. கம்பிகள் தங்கள் இரண்டாம் கட்டத் தேய்வுக்குள் நுழைகின்றன, கேட்பவரின் தலை இன்னும் ஓர் ஆட்டம் ஆடி நிற்கிறது, அதன் பிறகே கால் மெல்ல எழும்பி டாம்பர்கள் கம்பிகளின்மேல் படிகின்றன.