கத்தக் கத்த ஏன் கூடுகிறது வகுப்புச் சத்தம்?

திருவொற்றியூரில் ஏழாம் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியை கேட்கிறார்: "சார், நான் கத்தினா பசங்க சத்தம் இன்னும் கூடுது. பேசாம நின்னா கொஞ்ச நேரத்துல அடங்கிடுது. இது என்ன மாயம்?"

மாயமெல்லாம் இல்லை டீச்சர், லொம்பார்ட் விளைவு. எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் 1911இல் எழுதியது. பேசிக்கொண்டிருப்பவரின் காதுக்குள் இரைச்சலை விட்டால் அவர் குரல் தானாக ஏறும். இரைச்சலை நிறுத்தினால் இறங்கிவிடும். பேசியவருக்கோ ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. காது கேட்காததுபோல் நடிப்பவர்களை இதை வைத்தே பிடித்தார்கள்! நிஜமாகவே கேட்காதவரின் குரல் இரைச்சலுக்கு அசையாது. நடிப்பவரின் குரல் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு எளிமையான, இவ்வளவு குறும்பான சோதனையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நம் குரல் நம் காதில் எவ்வளவு விழுகிறது என்று மூளை ஓயாமல் சரிபார்க்கிறது. குறைந்தால் நம்மைக் கேட்காமலே ஏற்றிவிடும். 'ஏற்றாதே' என்று முன்பே சொல்லிவைத்தாலும் கட்டுப்படுத்துவது கஷ்டம். பெர்லினில் நைட்டிங்கேல் பறவைகள்கூட இரைச்சல் மிகுந்த இடங்களில் உரக்கப் பாடுகின்றன. ஆகவே பசங்களுக்குத் திமிர் என்று திட்டிப் பயனில்லை.

எண்ணூர் விரைவு சாலையில் கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிறது. கடைசி பெஞ்சில் இருவர் குரலை ஏற்றுகிறார்கள். முன் பெஞ்சுக்கு அது இரைச்சல், அவர்களும் ஏற்றுகிறார்கள். லாரி போய்விடும், ஏறிய சத்தம் போகாது. அதன்மேல் "சைலன்ஸ்!" என்று நீங்கள் கத்தினால், நீங்கள் இரண்டாவது லாரி.

சிமெண்ட் தரையும் வெறும் சுவரும் ஒலியை விழுங்காமல் திருப்பியடிப்பது வேறு. வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி அடங்கும் நேரம் சுமார் 0.6 நொடியாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி கட்டும்போது வாஸ்து பார்க்கிறோம். இதை யார் பார்க்கிறார்கள்? ஸ்மார்ட் போர்டுக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் ஒலி உறிஞ்சும் கூரைப் பலகைக்கும் ஒதுக்கலாம்.

சரி, நீங்கள் நிறுத்தினால் என்ன ஆகிறது? ஓர் இரைச்சல் குறைகிறது, அதே சங்கிலி இறங்குமுகமாக ஓடுகிறது. கூடவே, தொடர்ந்து கேட்ட ஒலி சட்டென நின்றால் மூளை 'என்ன அது?' என்று திரும்பும். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களிடம் கண்ட அனிச்சைச் செயல்தான். கை தட்டித் தாளம் போட்டு, பசங்களைத் திருப்பித் தட்டச் சொல்வதும் நல்ல வழி. குரலோடு குரல் மோதுவதில்லை. ஆனால் ஒரே தாளம் நாளடைவில் பழகிப்போய்க் காதிலேயே ஏறாது. அப்போது தாளத்தை மாற்றிவிடுங்கள்.